கோடை ஆராய்ச்சி, உதவித்தொகை, சிபாரிசு: வலங்கைமான் பக்கத்து மாணவிக்கு விரிவான பதில்

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்று, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். அண்ணன் கும்பகோணத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு. அப்பாவுக்கு வலங்கைமான் பக்கம் குத்தகைச் சாகுபடி. கோடையில் ஊக்கத்தொகையோடு ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு உங்கள் இருவருக்கும் உண்டா என்று கேட்கிறீர்கள். கூடவே, பணம் கட்டினால் ஆராய்ச்சிப் பயிற்சியும் சான்றிதழும் தருவதாக வந்த ஒரு விளம்பரத்தை நம்பலாமா என்றும் கேட்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "எங்களைப் போல் ஆள் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இதெல்லாம் கிடைக்குமா?" என்று, உங்களுடைய உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். கிடைக்கும். அதற்குச் சிபாரிசு வேண்டாம். ஆனால் காலம் தவறாமல் வேலையைத் தொடங்க வேண்டும். கோடைக்கான இடங்கள் கோடையில் முடிவாவதில்லை. ஐப்பசி கார்த்திகையில், நம் பக்கம் சம்பா நடவு முடிந்து மழை பிடித்துக்கொள்ளும் நாட்களிலேயே பாதி வேலை நடந்து முடிந்திருக்கும்.

நான் டெல்டாவில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறையில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களின் குறுகிய கால ஆய்வுகளுக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறேன், நெறிமுறைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே மருத்துவ மாணவர்களைப் பற்றி இங்கே சொல்வது என் கைப்பட்ட அனுபவம். அண்ணனுக்குச் சொல்வது, அறிவியல் கல்லூரிகளில் பணியாற்றிய நண்பர்களிடமும் அவர்களுடைய மாணவர்களிடமும் பல ஆண்டுகள் பேசிப் பழகித் தெரிந்துகொண்டது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள். தொகைகளும் கடைசி நாட்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. நான் சொல்லும் எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல், அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆராய்ச்சிக்குப் போவதற்கு முன், உங்களுக்கு உரிமையாக வர வேண்டிய பணம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். உரிமைப் பணம் வேறு, போட்டியில் வெல்லும் பணம் வேறு. குடும்பம் முதலாவதை நம்பலாம், இரண்டாவதை நம்பக் கூடாது. 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. இதுவரை நீங்கள் விண்ணப்பிக்கவில்லை என்றால், கல்லூரியில் அதற்கென இருக்கும் பொறுப்பு ஆசிரியரை நாளைக்கே போய்ப் பாருங்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. அது இளநிலைப் படிப்புக்கு உரியது என்பதால், முதுகலையில் இருக்கும் உங்கள் அண்ணனுக்குப் பொருந்தாது. அவர் சாதி, வருமானச் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் விட்டதால் தொகை திரும்பிப் போன மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன வேலை, ஆனால் அதை முதலில் முடியுங்கள்.

இனி ஆராய்ச்சி. மருத்துவ மாணவருக்குக் கோடை விடுமுறை என்று பெரிதாக எதுவும் இல்லை. கலை அறிவியல் கல்லூரி மூடியிருக்கும் மே மாதத்திலும் உங்களுக்கு வார்டு போஸ்டிங் இருக்கும். அதனால் இரண்டு மாதம் பெங்களூரிலோ தில்லியிலோ போய்த் தங்குவது உங்களுக்கு நடைமுறையில் சிரமம். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல வழி ஒன்று 1979 முதல் இருந்து வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்காக நடத்தும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் அது. கல்லூரிகளில் எஸ்.டி.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கல்லூரியிலேயே, உங்கள் ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில், வகுப்புகளுக்கு இடையிலேயே இரண்டு மாதத்தில் ஒரு சிறிய ஆய்வைச் செய்து முடிக்க வேண்டும். முன்பு 20,000 ரூபாயாக இருந்த ஊக்கத்தொகை சில ஆண்டுகளுக்கு முன் 50,000 ரூபாயாக உயர்ந்தது. ஊரை விட்டுப் போக வேண்டாம், அறை வாடகை இல்லை, வகுப்பு வருகைப் பதிவும் கெடாது. டெல்டாவில் படிக்கும் ஏழை மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பணம் முன்கூட்டி வராது. ஆய்வை முடித்து, அறிக்கையை அனுப்பி, அதை அவர்கள் ஏற்ற பிறகுதான் வரும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை ஜெராக்ஸ், பஸ் கட்டணம் எல்லாம் உங்கள் கைப்பணம்தான். பரிசோதனைக் கருவிக்கும் ரசாயனத்துக்கும் தனியாகப் பணம் தரமாட்டார்கள். ஆகவே விலை உயர்ந்த பரிசோதனை தேவைப்படும் தலைப்பை எடுக்காதீர்கள். அப்பாவிடமும் "செப்டம்பரில் ஐம்பதாயிரம் வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். அதை நம்பி அவர் உரக்கடையில் கடன் சொல்லக் கூடாது.

சிபாரிசைப் பற்றிக் கேட்டீர்கள். எஸ்.டி.எஸ். முன்மொழிவிலும் அறிக்கையிலும் உங்கள் பெயரோ வழிகாட்டியின் பெயரோ கல்லூரியின் பெயரோ வரக் கூடாது. தெரியாமல் வந்துவிட்டாலும் நிராகரித்துவிடுவார்கள். படித்து மதிப்பிடுபவருக்கு நீங்கள் யார், எந்த ஊர் என்பதே தெரியாது. அவர் முன்னால் இருப்பது நீங்கள் எழுதிய பக்கங்கள் மட்டுமே. உங்களுக்கு இதைவிட நியாயமான களம் அமையாது. உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் ஒரே மனிதர் வழிகாட்டி ஆசிரியர்தான். இதில்தான் மாணவர்கள் தவறவிடுகிறார்கள். ஓர் ஆசிரியர் ஓர் ஆண்டில் ஒரு மாணவருக்குத்தான் வழிகாட்டியாக இருக்க முடியும். புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளில் ஆசிரியர்களும் குறைவு, ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளவர்கள் அதைவிடக் குறைவு. அறிவிப்பு வந்த பிறகு ஓடினால், நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் ஏற்கெனவே வேறொரு மாணவருக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள்.

எப்படிக் கேட்பது? வெறுங்கையோடு போய் "சார், எனக்கு ஒரு டாபிக் கொடுங்கள்" என்று நிற்க வேண்டாம். ஒரு கேள்வியை அரைப்பக்கத்தில் எழுதிக்கொண்டு, வெளிநோயாளிப் பிரிவு முடிந்த பிற்பகல் வேளையில் போங்கள். கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். "டெல்டா விவசாயத் தொழிலாளர்களின் உடல்நலம்" என்பது தலைப்பே இல்லை, அது ஒரு வாழ்நாள் வேலை. "நடவிலும் களையெடுப்பிலும் ஈடுபடும் பெண்களின் சேற்றுப்புண்" என்றால் கொஞ்சம் நெருங்கிவிட்டோம். இன்னும் இறக்குங்கள். உங்கள் கல்லூரியின் கிராமப்புறச் சுகாதார மையத்துக்கு உட்பட்ட இரண்டு ஊர்களில், கடந்த ஒரு மாதத்தில் வயலில் இறங்கிய பெண்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் கால்விரல் இடுக்கில் புண் இருக்கிறது? வேலை முடிந்ததும் காலைக் கழுவித் துடைப்பவர்களுக்கும் அப்படியே விட்டுவிடுபவர்களுக்கும் இதில் வித்தியாசம் இருக்கிறதா? இதற்கு ஒரு கேள்வித்தாளும், பகல் வெளிச்சத்தில் கால்களைப் பார்ப்பதும் போதும். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு நீங்கள் சமூக மருத்துவப் பாடத்திலேயே படித்திருக்கும் நான்கு பி.க்யூ. வகுத்தல் டி. வர்க்கம் என்ற சூத்திரம் இருக்கிறது. பாதிப்பேருக்கு இருக்கலாம் என்று வைத்து (பி.யும் க்யூ.வும் 50), பத்து சதவீதப் பிழையை (டி. 10) ஏற்றுக்கொண்டால் 100 பேர் வருகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து குறுவை ஓடும் ஆண்டு என்றால், ஆடி மாதத்தில் இரண்டு ஊர்களில் 100 பெண்களைப் பார்ப்பது முடியக்கூடிய காரியம். மெஷின் நடவு வந்த பிறகு நடவுக்கு இறங்கும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் அந்த ஊர்களில் எத்தனை பேர் இன்னும் இறங்குகிறார்கள் என்பதை முன்மொழிவு எழுதும் முன்பே நேரில் போய் விசாரியுங்கள்.

ஏன் பாம்புக்கடியோ எலிக்காய்ச்சலோ வேண்டாம் என்று கேட்கலாம். இரண்டுமே டெல்டாவுக்கு மிக முக்கியமானவை. ஆனால் இரண்டு மாதத்தில் எத்தனை பாம்புக்கடி நோயாளிகள் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்தப் பரிசோதனைச் செலவு இருக்கிறது. பாம்புக்கடியை எடுத்தே தீருவேன் என்றால், பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்து, கடித்த நேரத்துக்கும் மருத்துவமனைக்கு வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஆராயலாம். பதிவறையில் அந்த இரண்டு நேரங்களும் உண்மையிலேயே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று இருபது முப்பது ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடித்த நேரத்துக்குரிய கட்டம் காலியாகவே இருப்பது சாதாரணம்.

அடுத்தது நெறிமுறைக் குழு. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும், அது வெறும் கேள்வித்தாளாகவே இருந்தாலும், அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் குழுவே மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். குழு மாதந்தோறும் கூடும் கல்லூரிகளும் உண்டு, எப்போதாவது கூடும் கல்லூரிகளும் உண்டு. உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குழுவில் நாங்கள் மாணவர்களின் காகிதங்களைத் திருப்பி அனுப்பியதற்கு மிகப் பெரிய காரணம் ஒப்புதல் படிவத்தின் தமிழ்தான். ஆங்கிலப் படிவத்தை எந்திரத்தில் போட்டு மாற்றி, யாருக்கும் புரியாத தமிழில் கொண்டு வருவார்கள். நீங்கள் தமிழ் வழியில் படித்தவர். அந்த நடவுப் பெண்ணுக்குப் புரியும் தமிழில் உங்களால் எழுத முடியும். "இதில் கலந்துகொள்ளாவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது" என்ற ஒரு வரியைத் தெளிவாக எழுதி, ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். எழுதியதை உங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடத்தைத் திருத்துங்கள்.

இரண்டாம் ஆண்டுதான் இதற்குச் சரியான காலம். இறுதியாண்டில் தேர்வு நெருக்கும், ஹவுஸ் சர்ஜன் ஆனபிறகு இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. புதிய பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்குப் பின் விருப்பப் பயிற்சி என்று சில வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை வீணாக்காமல் உங்களுக்குப் பிடித்த துறையில் செலவிடலாம். ஆனால் அதற்கு ஊக்கத்தொகை கிடையாது. முதுநிலை மருத்துவத்துக்குப் போனால் மாதச் சம்பளம் போல உதவித்தொகை வரும், ஆய்வேடும் கட்டாயம். இப்போது ஒரு முன்மொழிவு எழுதிப் பழகியவருக்கு அந்த ஆய்வேடு சுமையாக இருக்காது.

இனி அண்ணனுக்கு. அவருக்கு உண்மையான கோடை விடுமுறை இருக்கிறது, அதனால் வெளியூர் போகலாம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, தில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்திட்டம் அவருக்கு முதல் தேர்வு. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, மாத ஊக்கத்தொகை, போய்வர ரயில் கட்டணம். விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாங்கப்படுகிறது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது இதை உட்கார்ந்து முடிக்கச் சொல்லுங்கள். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் தனியாகக் கோடைத் திட்டம் நடத்துகிறது. இவற்றில் எல்லாம் மதிப்பெண்ணோடு, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று மாணவர் தன் சொந்த எழுத்தில் தரும் குறிப்பையும், ஓர் ஆசிரியரின் பரிந்துரையையும் பார்க்கிறார்கள். பரிந்துரை என்பது நீங்கள் அஞ்சும் சிபாரிசு இல்லை. மாணவனை ஆய்வகத்தில் பார்த்த ஆசிரியர், அவன் எதை எப்படிச் செய்தான் என்று எழுதும் கடிதம். பெரிய பதவியில் இருப்பவர் பொதுவாக எழுதிய நாலு வரியைவிட, தினமும் பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியர் விவரமாக எழுதிய ஒரு பக்கம் பயன்படும் என்று தேர்வுக் குழுவில் இருந்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஊக்கத்தொகை இருந்தாலும் பெங்களூர், தில்லி அறை வாடகையும் சாப்பாடும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வளாக விடுதி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். செமஸ்டர் தேர்வு மே மாதம் வரை நீண்டால், தொடங்கும் நாளைத் தள்ளிப்போடக் கேட்டுக் கடிதம் எழுதலாம். பல ஆய்வகங்கள் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

அருகிலேயே பார்க்கவும் அவருக்கு இடங்கள் உண்டு. விலங்கியல் மாணவருக்குப் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அதாவது கொசு போல நோயைப் பரப்பும் உயிரினங்களை ஆராயும் இடம், ஒரு பொக்கிஷம். கும்பகோணத்தில் படிப்பவருக்கு யானைக்கால் நோயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த ஊரின் பெயரோடே ஒட்டியிருந்த நோய் அது. அதைக் கட்டுப்படுத்த ஊருக்கே ஒரே நாளில் மாத்திரை கொடுக்கும் முறை தமிழ்நாட்டில் 1996இல் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. கொசுவைப் பற்றிய படிப்பு அவருக்குப் பிடிக்குமானால் அங்கே எழுதிக் கேட்கலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் என்று ஒரு பஸ்ஸிலோ இரண்டு பஸ்ஸிலோ போய்ச் சேரக்கூடிய இடங்கள். இவற்றில் பணம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். வேலை கற்கலாம், பரிந்துரை எழுதக்கூடிய ஒருவரைச் சம்பாதிக்கலாம்.

விஞ்ஞானிக்கு மின்னஞ்சல் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உலகப் புகழ் பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கி நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். அது திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரிந்தது என்ன, புரியாதது என்ன என்று இரண்டு வரி, தனக்குத் தெரிந்த வேலை என்ன என்று இரண்டு வரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்று ஒரு வரி. இவ்வளவு போதும். பத்து நாள் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதலாம்.

நீண்ட கால நோக்கில், அண்ணன் கோடைக்கும் மேலாகக் குறிவைக்க வேண்டியது மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) நெட் என்னும் தகுதித் தேர்வு. அதில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெற்றால், முனைவர் பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப்படி. 2023 முதல் இந்தத் தொகைகள் நடைமுறையில் உள்ளன. எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே எழுதலாம். மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் அவற்றை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

பணம் கட்டினால் ஆராய்ச்சிப் பயிற்சி தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பற்றி: வேண்டாம். நான் மேலே சொன்ன ஆராய்ச்சித் திட்டங்களில் பயிற்சிக்கென்று நீங்கள் பணம் கட்டுவதில்லை, ஊக்கத்தொகை உள்ளவற்றில் அவர்கள்தான் உங்களுக்குத் தருகிறார்கள். விலை கொடுத்து வாங்கிய சான்றிதழுக்கு மேற்படிப்புத் தேர்வில் எந்த மதிப்பும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் கட்டுரையை வெளியிடும் இதழ்களையும் இதே கணக்கில் சேருங்கள். வெளிநாட்டு மருத்துவப் பயிற்சியில் இதையே பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மருத்துவ மாணவர் சங்கங்கள் வழியாக நடக்கும் ஒரு மாதப் பரிமாற்றத் திட்டங்கள் உண்மையானவை. அங்கே தங்குமிடம் கிடைக்கும். ஆனால் விமான டிக்கெட், விசா, திட்டக் கட்டணம் எல்லாம் மாணவர் செலவு, ஊக்கத்தொகை இல்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் போய்வந்து படம் போடுவதைப் பார்த்து நீங்கள் பின்தங்கிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எஸ்.டி.எஸ். நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது? நல்ல முன்மொழிவுகளும் நிராகரிக்கப்படுகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருந்தால், அந்த ஆய்வை வழிகாட்டியோடு சேர்ந்து பணம் இல்லாமலேயே செய்து முடிக்கலாம். அடுத்த ஆண்டு வேறு கேள்வியோடு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அண்ணனுக்கு இறுதியாண்டுத் திட்டப்பணி வரும்போது, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குத் தரும் சிறு தொகைக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான், ஆனால் பயணச் செலவுக்கும் ரசாயனத்துக்கும் ஆகும். நீங்கள் எழுதும் அரைப்பக்கக் கேள்வியை, பெயரையும் கல்லூரியையும் நீக்கிவிட்டு, இங்கேயே பதிவிட்டால் படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.